புழக்கடையில் ஒரு சிறு கருவூலம்

நம் சிற்றூர்களில் ஒரு குடும்பத்தின் செல்வ நிலையை அறிய நிலத்தையும் நகையையும் மட்டும் கணக்கிட்டால் போதாது. அவ்வீட்டுப் புழக்கடையில் மேயும் கோழிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும், நடு இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையை மறுநாள் காலையில் மருத்துவரிடம் எடுத்துச் செல்லவும், எதிர்பாராது வந்த விருந்தினரை முகம் கோணாமல் உபசரிக்கவும் எத்தனையோ இல்லங்களில் கை கொடுப்பவை இந்தக் கோழிகளே. நெல் விற்ற பணமும் கரும்பு விற்ற பணமும் பெரும்பாலும் ஆடவர் கையில் சேர்கின்றன. கோழியும் முட்டையும் விற்ற காசோ நேரே இல்லத்தரசியின் சுருக்குப் பைக்கு வருகிறது. அவள் எவரிடமும் கேட்டு நிற்க வேண்டாத பணம் அது. ஆதலால்தான் அது பிள்ளைகளின் உணவுக்கும் படிப்புக்கும் மருந்துக்குமே மிகுதியும் செலவாகிறது.

ஆனால் இந்தக் கருவூலம் திடீரென்று ஒரே வாரத்தில் காலியாகி விடுவதையும் நாம் கண்டு வருகிறோம். திங்கட்கிழமை இருபது கோழிகள் இருந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரண்டே எஞ்சி நிற்கும். "ஊருக்கே சீக்கு வந்து விட்டது; நாம் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லி விட்டு, கூண்டைக் கவிழ்த்து வைத்து விடுகிறோம். இது விதியின் விளையாட்டு அன்று. பெரும்பாலும் தடுத்திருக்கக் கூடிய இழப்பு. பத்துக் கோழிகளை முறையாக வளர்த்துப் பெருக்குவது எப்படி, பெருகியதைக் காப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எந்த இனம் நமக்கு ஏற்றது?

கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. நெல்லும் தினையும் பயிரிடத் தொடங்கிய மக்களின் குடியிருப்புகளை நாடித் தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து அது வந்தது என்று 2022-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தாய்லாந்தில் பான் நான் வாட் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எலும்புகளே இதற்குச் சான்று. நம் தென்னாட்டு மலைக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கும் இதில் பங்குண்டு. இன்று பல கோழிகளிடம் காணும் மஞ்சள் தோலின் மரபணு அதனிடமிருந்து வந்தது என்பதை 2008-இல் அறிஞர் கண்டறிந்தனர். சிந்திய தானியத்தைப் பொறுக்கித் தின்ன வந்த பறவை நம் முற்றத்திலேயே தங்கி விட்டது எனலாம்.

நம் நாட்டுக்கோழிகளில் சிறுவிடை, பெருவிடை என இருவகை உண்டு. சிறுவிடை உடலால் சிறியது. ஆனால் தவறாது அடைக்கு அமரும். குஞ்சுகளைப் பருந்துக்கும் காக்கைக்கும் அஞ்சாது காக்கும். பெருவிடை உயரமும் எடையும் மிக்கது. கறிக்கு நல்ல விலை போகும். எனினும் முட்டை குறைவு. இவையன்றி, சென்னை நந்தனத்தில் இயங்கிய ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் தாங்கிய நந்தனம் கோழி, ஐதராபாத்தில் உருவான வனராஜா ஆகியவையும் புழக்கடை வளர்ப்புக்கென்றே தோன்றியவை. இவை நாட்டுக்கோழியைவிட மிகுதியாக முட்டையிடும். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. முட்டைக்கெனத் தேர்ந்து பெருக்கிய இனங்களிடம் அடைகாக்கும் இயல்பு குன்றியிருக்கும். கலப்பினத்தின் குஞ்சுகள் தாயைப் போலவே அமைவதும் இல்லை. ஆகவே ஆண்டுதோறும் புதுக் குஞ்சு விலைக்கு வாங்க இயலாத குடும்பம், தானே பெருகும் சிறுவிடையைக் கொண்டு தொடங்குவதே அறிவுடைமை. முட்டை வேண்டுவோர் அவற்றோடு இரண்டொரு கலப்பினப் பெட்டைகளையும் சேர்த்துக் கொள்ளலாம்.

முட்டையைப் பற்றி நிலவும் ஒரு நம்பிக்கையையும் இங்கே தெளிவாக்குவோம். ஓடு பழுப்பாயிருப்பதால் முட்டையின் சத்து கூடி விடுவதில்லை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது. மஞ்சட்கருவின் நிறம் கோழி தின்னும் கீரையையும் புல்லையும் பொறுத்தது. சேவல் இல்லாவிடினும் பெட்டை முட்டையிடும். அதுவும் உண்பதற்கு நன்றே. ஆனால் குஞ்சு பொரிக்காது.

சேவலும் பெட்டையும்

எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். பெட்டை ஒருமுறை சேவலோடு கூடினால் பத்து நாள் வரையிலும், சில வேளை அதற்கு மேலும், அது இடும் முட்டைகள் கருவுற்றிருக்கும். ஆகையால் சேவலை மாற்றியவர்கள் இரண்டு மூன்று வாரம் கழிந்த பின் கிடைக்கும் முட்டைகளையே புதுச் சேவலின் சந்ததி என்று கொள்ள வேண்டும்.

சேவலை மாற்ற வேண்டுவது ஏன்? ஒரே சேவல் ஆண்டுக்கணக்கில் நின்றால், தன் மகள்களோடும் பேத்திகளோடும் அதுவே கூடுகிறது. நெருங்கிய இரத்தக் கலப்பினால் கூமுட்டை பெருகும். பொரித்த குஞ்சுகள் நோஞ்சானாகும். முட்டை எண்ணிக்கையும் குறையும். "முன்பெல்லாம் பன்னிரண்டு வைத்தால் பதினொன்று பொரிக்கும், இப்போது ஆறுகூட வருவதில்லை" என்று கூறுவோர் முதலில் தம் சேவலின் வயதை எண்ணிப் பார்க்கட்டும். ஆண்டுக்கொரு முறை உறவினரோடோ பக்கத்து ஊராரோடோ சேவலை மாற்றிக் கொள்வது செலவில்லாத மருந்து.

தாய்க்கோழியைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். இறகின் பகட்டைப் பார்த்து எந்தக் கோழியை நிறுத்துவது, எதை விற்பது என்று தீர்மானிப்பவர் பலர். எத்தனை முட்டையிட்டது, எத்தனை பொரித்தது, எத்தனை குஞ்சுகளை வளர்த்து ஆளாக்கியது என்னும் மூன்று கேள்விகளே போதுமானவை. பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் கோழிக்கொரு வரியாக இவற்றைக் குறித்து வைத்தால், நல்ல தாயின் முட்டைகளையே அடைக்கு எடுக்கலாம். சில தலைமுறையில் கூட்டமே சீர்ப்படும்.

அடை வைக்கும் முறை

நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் பத்து முதல் பதினைந்து முட்டை வரை இட்டு, பிறகு உடல் சிலிர்த்து, கேறிக் கொண்டு, கூட்டை விட்டு நகர மறுக்கும். இதுவே அடைக்காலம். ஒரு சிறுவிடையின் சிறகுக்குள் பத்துப் பன்னிரண்டு முட்டைகளே அடங்கும். மிகுதியாக வைத்தால் விளிம்பிலிருப்பவை சூடின்றிக் கெடும். கோழி அவற்றை உருட்டும்போது நல்லவையும் முறை மாறிக் கெட்டு விடும்.

அடைக்கான முட்டைகளைக் கழுவலாகாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய இயற்கைப் பூச்சு கிருமிகளைத் தடுத்து நிறுத்துகிறது. கழுவினால் அது போய் விடும். அழுக்கு முட்டைகளை விலக்கி விட்டு, நடுத்தர அளவுள்ள, கீறலற்ற, வடிவான முட்டைகளைத் தேர்க. குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் கூர்முனை கீழாக வைத்துக் காக்க. ஒரு வாரத்துக்கு மேற்பட்டவை நாளுக்கு நாள் பொரிக்கும் வலு குன்றும். கோடையில் ஐந்து நாளே நல்லது. முதல் முட்டையிலிருந்து பதினைந்தாவது வரை சேர்த்து வைத்துப் பழையனவற்றையே அடையில் வைப்பதால்தான் பல வீடுகளில் பொரிப்பு குறைகிறது. பழைய முட்டைகளைச் சமைத்து உண்டு, புதியனவற்றை அடைக்கு வைப்பதே முறை.

அடைக் கூடையில் மணலோ சாம்பலோ பரப்பி, மேலே வைக்கோல் இட்டு, வேப்பிலையும் சிறிது சேர்த்தால் செள்ளும் பேனும் அண்டா. இடி இடித்தால் முட்டை கெடும் என்று இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் மிளகாயும் கூடையில் வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். அதனால் தீங்கொன்றும் இல்லை. ஆயினும் முட்டை கெடுவதற்கு மெய்யான காரணங்கள் பழைய முட்டை, கருவுறாத முட்டை, மிகுந்த வெயில், அடிக்கடி கலைந்தெழும் கோழி என்பனவே. அடைக்கோழி நாளுக்கு ஒரு முறை இறங்கி உண்டு, குடித்து, எச்சமிட்டு மீளும். அதற்குத் தானியமும் நீரும் அருகிலேயே இருத்தல் வேண்டும்.

ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் டார்ச் விளக்கின் முன் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலைபோல் செந்நரம்புகள் ஓடினால் கரு வளர்கிறது, தெளிவாக இருந்தால் அது கூமுட்டை, எடுத்து விடலாம். பதினெட்டாம் நாளுக்குப் பின் கூட்டைத் தொட வேண்டாம். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு தன் அலகின் நுனியிலுள்ள சிறு பல் போன்ற முனையால் ஓட்டைக் கீறிக் கொண்டு வெளிவரும். பரிவு காட்டுவதாக எண்ணி ஓட்டை நாம் பிய்த்தெடுத்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்க நேரிடும்.

அடைக்கு வைக்க முட்டையில்லாத வேளையிலும் சில கோழிகள் அமர்ந்து விடும். அவற்றின் மூக்கில் இறகைச் செருகுவதும், நீரில் முக்கி எடுப்பதும் வதையே. அடியில் காற்று புகும்படியான கம்பிக் கூண்டில், வைக்கோல் இன்றி, தீனியும் நீரும் தந்து நான்கைந்து நாள் வைத்தால் அடை தானே தெளியும்.

முதல் எட்டு வாரங்கள்

கோழி வளர்ப்பின் வெற்றியும் தோல்வியும் முதல் எட்டு வாரத்திலேயே முடிவாகின்றன. "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்பர். சாவதில்லை, குளிரிலும் மழையிலும் பருந்தின் நகத்திலும் கீரியின் வாயிலும்தான் சாகிறது. ஆதலின் முதல் மூன்று வாரமேனும் தாயையும் குஞ்சுகளையும் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து, தரை ஈரமில்லாத இடத்தில் வைத்துத் தீனியிட வேண்டும்.

தாயின்றி வளர்ப்போர் மின்விளக்கின் சூட்டைத் தரலாம். முதல் வாரம் ஏறத்தாழ 95 பாகை பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். வாரந்தோறும் ஐந்து பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லையே என்று வருந்த வேண்டாம். குஞ்சுகளே சொல்லி விடும். விளக்கடியில் நெருக்கியடித்துக் கிடந்தால் குளிர்கிறது. விலகி ஓடி வாயைத் திறந்து இளைத்தால் சூடு மிகுதி. எங்கும் பரவி மேய்ந்தால் அளவு சரி.

தாயோடு எத்தனை நாள் விடுவது என்பதில் ஒரு கணக்கு உண்டு. முட்டையிட ஏறத்தாழ இருபது நாள், அடைகாக்க இருபத்தொரு நாள், குஞ்சு வளர்க்க எண்பது நாள் என்றால் ஒரு சுற்றுக்கு நூற்றிருபது நாளாகும். ஆண்டுக்கு மூன்று சுற்றுத்தான். குஞ்சுகளை முப்பதாம் நாளில் பிரித்துத் தனியே பேணினால் சுற்று எண்பது நாளுக்குள் முடியும். ஆண்டுக்கு நான்கு சுற்றுக் கிடைக்கும். பிரித்த குஞ்சுகளுக்குக் காவலும் நல்ல தீனியும் உள்ள வீட்டாரே இதில் இறங்க வேண்டும்.

தீனியும் கூடும்

புழக்கடைக் கோழி தன் உணவின் பெரும்பகுதியைத் தானே தேடிக் கொள்கிறது. புழு, பூச்சி, புல், சிந்திய தானியம் ஆகிய யாவும் அதற்கு விருந்தே. மாலையில் கூடணையும் முன் கோழிக்கு ஒரு கைப்பிடிக் கம்போ சோளமோ குருணையோ இட்டால் கோழிகள் வீடு திரும்பும் பழக்கமும் உண்டாகும். குஞ்சுகளுக்கு மட்டும் தானியம் போதாது. சதை வளர்க்கும் புரதம் வேண்டும். இதற்கு நம் முன்னோர் கண்ட வழி கரையான். பழைய மண்பானையில் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் ஓலைத் துண்டும் அடைத்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். முட்டையிடும் பெட்டைகளுக்குக் கிளிஞ்சல் தூளோ, நன்றாகக் காய வைத்து நொறுக்கிய முட்டையோடோ கிடைக்கச் செய்தால் தோல் முட்டையிடுவது குறையும். நீர்க் கலத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவுதல் இன்றியமையாதது.

இரவுக் கூடு தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மழைச்சாரல் படாமல், காற்றோட்டத்துடன் இருக்கட்டும். மரநாயும் கீரியும் பாம்பும் நுழையாதபடி கம்பிவலை நெருக்கமாக இருத்தல் வேண்டும். எச்சத்தை வாரி மட்கச் செய்து காய்கறிப் பாத்திக்கு இடலாம். பச்சையாக இட்டால் செடி கருகும். அண்டை வீட்டார் கீரைப் பாத்தியை நம் கோழி கிளறினால் அதனால் எழும் மனத்தாங்கல் கோழியின் விலையைவிடப் பெரியது. முள்வேலியோ, காலை ஒன்பது மணிக்கு மேல் மேயவிடும் ஒழுங்கோ அவரவர் இடத்துக்கு ஏற்பக் கடைப்பிடிக்கத் தக்கது.

வாரத்தில் கூடு காலியாக்கும் நோய்

கோழிகளைக் கூட்டம் கூட்டமாக வாரிச் செல்லும் நோய் கோழிக்கழிச்சல். வெள்ளைக் கழிச்சல் என்றும் கூறுவர். 1926-இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அறியப்பட்ட இந்நோய், அடுத்த ஈராண்டுக்குள் இமயத்தின் குமாயூன் மலையிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் கண்டறியப்பட்டு, அவ்வூரின் பெயராலேயே நம் நாட்டில் வழங்கி வருகிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கோழி வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். கழுத்து முறுக்கிக் கொள்ளும். இறகும் காலும் விழுந்து விடும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் பத்தில் ஒன்பது மடிவதும் உண்டு.

இது வைரஸ் கிருமியால் வருவது. ஆகவே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றினாலும் கிருமி சாகாது. மஞ்சளும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுக்கும் வீட்டு வைத்தியத்தை நாம் இகழவில்லை. எனினும் அது தடுப்பு மருந்தின் இடத்தைப் பிடிக்காது. வருமுன் காத்தலே வழி. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. நான்காம் வாரத்தில் லசோட்டா மருந்து. எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலடியில் ஊசி. பின்னர்க் கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும் ஊசி. எட்டாம் வாரத்து ஊசி மருந்து 1940-களில் அதே குமாயூன் மலையின் முக்தேசுவர ஆய்வகத்தில் உருவானது, அது வலுவானது, இளங்குஞ்சுகளுக்குப் போடலாகாது. ஊசி பிடிக்கத் தயங்குவோருக்கென, வாய்வழியே உண்ணக் கூடிய குருணை வடிவ மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. நலமுள்ள கோழிகளுக்கே தடுப்பு மருந்து தர வேண்டும். நோய் கண்ட பின் ஓடுவதில் பயனில்லை. கோழி அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. அதையும் மருத்துவரிடம் கேட்டறிக.

தெரு ஒன்றுபட்டால்

மருந்து இருந்தும் ஊர்தோறும் கோழிகள் மடிவது ஏன்? ஊசி மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிகளுக்கும் அதற்கு மேலுமாகவே வருகிறது. பனிக்கட்டியில் வைத்து எடுத்துவர வேண்டும். கரைத்த பின் ஓரிரு மணிக்குள் முடித்து விட வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கும் ஒரு வீடு இதை வாங்கிப் பயன் என்ன என்று கைவிடுகிறது. அடுத்த வீடும் அவ்வாறே. ஆனால் பத்து வீட்டார் ஒரு நாளைக் குறித்துக் கொண்டு, முந்திய இரவே கோழிகளைக் கூட்டில் அடைத்து வைத்தால், ஒரே குப்பியில் நூறு கோழிகள் பிழைக்கும். வீட்டுக்கு ஆகும் செலவோ ஒரு முட்டையின் விலையளவுகூட இராது. கால்நடை மருந்தகங்களின் வழியே நடைபெறும் தடுப்பூசி முகாம்களுக்கும் இப்படித் திரண்டு செல்லலாம். ஒரு வீடு மட்டும் ஒதுங்கினால் நோய் தங்க அங்கே இடம் கிடைத்து விடும் என்பதை மென்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும். இதை முன்னின்று நடத்தத் தெருவுக்கு ஒரு பெண்மணி போதும்.

இன்னும் ஒரு செய்தி நம் மனச்சான்றைத் தொடுவது. கூட்டத்தில் இரண்டு கோழி சோர்ந்த உடனே, மற்றவற்றையாவது காசாக்குவோம் என்று சந்தைக்குத் தூக்கி ஓடுவோர் உண்டு. பத்து ரூபாய் குறைத்துக் கேட்டாலும் கொடுத்து விடுகிறார்கள். வாங்கியவள் யார்? அவளும் நம்மைப் போல் ஒரு தாய். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக அக்கோழியை வளர்க்க எண்ணியவள். நம் கூட்டின் நோயை விலைக்கு விற்று, அவள் கூட்டையும் அவள் தெருவையும் நாம் காலியாக்குகிறோம். சட்டம் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆயினும் அது களவுக்கு ஒப்பானதே. நோய் கண்ட வேளையில் விற்காமல், பிரித்து அடைத்து, மருத்துவருக்குத் தெரிவிப்பதே நேர்மை. இறந்தவற்றைக் குளத்திலும் சாலையோரத்திலும் வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும். அவ்வாறே சந்தையில் வாங்கி வரும் கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து நலமறிந்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

2006-இல் மகாராட்டிரத்தின் நவாபூரில் முதன்முதலாக நம் நாட்டுக் கோழிகளைத் தாக்கிய பறவைக் காய்ச்சல் மனிதரையும் பற்றக் கூடியது. எனவே காரணம் தெரியாமல் பல கோழிகள் ஒருங்கே மடிந்தால், வெறுங்கையால் தொடாமலும், குழந்தைகளை அண்ட விடாமலும், அவற்றைச் சமைக்காமலும், உடனே கால்நடை மருந்தகத்துக்கு அறிவிப்பது கடமை.

கணக்கும் கருத்தும்

நான்கு பெட்டைகள், ஒரு சேவல் என்று வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு பெட்டையையும் ஆண்டுக்கு இருமுறை, பத்து முட்டை வீதம் அடை வைத்தால் எண்பது முட்டை. பத்துக்கு எட்டு பொரித்தால் அறுபத்து நான்கு குஞ்சுகள். பேணாது விட்டுப் பாதி இறந்தால் முப்பத்திரண்டு மிஞ்சும். பஞ்சாரமும் கரையானும் தடுப்பூசியும் தந்து நான்கில் மூன்று பங்கைக் காத்தால் நாற்பத்தெட்டு. இந்தப் பதினாறு கோழிகளின் வேறுபாடே நம் கவனத்தின் கூலி.

இதற்கு மேல் பேராசை வேண்டாம். பணத்தைக் கட்டினால் பறவைகளைத் தந்து மாதந்தோறும் ஊதியமும் தருவதாகச் சொன்ன ஈமுக்கோழித் திட்டங்கள் 2012-இல் கொங்கு நாட்டில் சரிந்தபோது, நகையையும் நிலத்தையும் அடகு வைத்தோர் கண்ணீர் வடித்ததை நாம் மறக்கலாகாது. புழக்கடைக் கோழி எவரையும் ஒரே ஆண்டில் செல்வராக்காது. கடனில்லாமல் தொடங்கி, கையிலிருப்பதைக் கொண்டு வளர்ந்து, இடுக்கண் வரும் நாளில் வாசலுக்கு வெளியே கையேந்தாமல் காப்பதே அதன் சிறப்பு.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு சொல். கோழிக்காசு இல்லாளின் கையிலேயே இருக்கட்டும்; அதன் வரவு செலவில் தலையிடாதீர்கள். கூடு கட்டித் தருவதும், ஊசி போடும் நாளன்று கோழி பிடித்துத் தருவதும் உங்கள் பங்காக அமையட்டும். பிள்ளைகள் முட்டைக் கணக்கெழுதப் பழகட்டும். அடுத்த தெருவில் நோய்ச் செய்தி கேட்கும் வரை காத்திராமல், இந்த வாரமே நான்கு வீட்டாரைக் கலந்து ஒரு நாளைக் குறித்து விடுங்கள். காலியாகும் கருவூலத்தைக் காப்பதற்கு வேண்டுவது பெரும் பொருளன்று. ஒரு குப்பி மருந்தும் ஒரு தெருவின் ஒற்றுமையுமே.